கண்ணிவெடி வகுப்பு எடுக்கும் கரேன் இளைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்து எல்லையில் மே சோட் என்று ஓர் ஊர். பர்மாவிலிருந்து ஆற்றைத் தாண்டி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு கற்றல் மையத்தில் அங்கே ஏழு மாதம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். கரேன் இளைஞர்கள். வகுப்பு முடிந்ததும் சாயங்காலங்களிலும் விடுமுறைகளிலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சிலர் முகாம்களுக்கு, சிலர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். கண்ணிவெடியிலிருந்து எப்படித் தப்புவது, குண்டு விழும்போது என்ன செய்வது, ஊருக்குள் சண்டை வந்தால் யாரிடம் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. ஊர் திரும்பிய பிறகு நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கரேன் என்பவர்கள் யார்? எங்கே இருக்கிறார்கள்?

பர்மாவின் (இன்றைய மியான்மர்) கிழக்கு, தென்கிழக்குப் பகுதியிலும் ஐராவதிக் கழிமுகத்திலும், எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்து மலைகளிலும் வாழும் மக்கள். ஸ்கா, ப்வோ என்று இரண்டு பெரிய மொழிகள், இன்னும் பல சிறிய மொழிகள். வெளியில் 'கரேன் என்றால் கிறிஸ்தவர்கள்' என்று ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மையில் பெரும்பாலோர் பௌத்தர்கள். கிறிஸ்தவர்களும் கணிசமாக உண்டு. பழைய மலை வழிபாட்டை விடாதவர்களும் உண்டு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

கரேன் மாநிலத்தின் தலைநகர் பா-அன். சால்வீன் ஆறும், மே சோட் அருகே தாய்லாந்து எல்லையாக ஓடும் மோய் ஆறும் இந்தக் கதை முழுக்க வரும். தமிழ் வாசகர்களுக்கு ஒரு பழைய தொடர்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்ப் பலிகொடுத்த சயாம் மரண ரயில் பாதை, மூன்று பகோடாக் கணவாய் வழியாகத்தான் பர்மாவுக்குள் நுழைந்தது. அந்தக் கணவாயை ஒட்டிய பகுதி கரேன் மாநிலத்தின் தெற்கு நுனி.

சண்டை எப்போது தொடங்கியது?

கரேன் மக்களின் அரசியல் இயக்கமான கரேன் தேசிய ஒன்றியம் 1947 பிப்ரவரியில் உருவானது. அதற்குச் சொந்தப் படையும் உண்டு. பர்மா சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு, 1949 ஜனவரி 31 அன்று, ரங்கூனை அடுத்த இன்செய்ன் பகுதியில் சண்டை மூண்டது. அன்றிலிருந்து இன்று வரை முழுதாக ஓயவில்லை. என்னோடு வேலை செய்த ஒரு பையனின் கொள்ளுத்தாத்தா காலத்துச் சண்டை இது.

1960களில் பர்மிய ராணுவம் 'நான்கு வெட்டு' என்ற உத்தியைக் கொண்டுவந்தது. ஆயுதக் குழுவுக்குப் போகும் உணவு, பணம், தகவல், ஆள் இந்த நான்கையும் வெட்டுவது. காகிதத்தில் அது ராணுவத் திட்டம். மலையில் அதற்கு அர்த்தம், ஊரைக் காலி செய்வது, நெல்லை எரிப்பது, ஆட்களைச் சுமை தூக்க இழுத்துப்போவது. கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்க்க ஊர்க்காரர்களையே முன்னால் நடக்கவிட்டதும் நடந்திருக்கிறது.

2012இல் போர்நிறுத்தம் வந்ததே, அப்புறம் என்ன ஆயிற்று?

வந்தது. 2012 ஜனவரியில் பா-அன்னில் கையெழுத்தானது. 2015 அக்டோபரில் நாடு தழுவிய போர்நிறுத்த ஒப்பந்தத்திலும் கரேன் தேசிய ஒன்றியம் கையெழுத்திட்டது. அந்தச் சில ஆண்டுகளில் ஊருக்குத் திரும்பியவர்கள் உண்டு. லே கே கோ என்று ஒரு புது ஊரையே ஜப்பானிய உதவியோடு கட்டினார்கள். முகாமில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் அங்கே முதல்முறையாகச் சொந்த வாசற்படியில் உட்கார்ந்தன.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மார்ச் கடைசியில், கரேன் மாநிலத்தின் வடக்கே உள்ள முட்ரோ மாவட்டத்தில் ராணுவ விமானங்கள் குண்டு போட்டன. அந்த டிசம்பரில் லே கே கோவில் படை புகுந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து ஆயிரக்கணக்கானோர் மோய் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அதிலிருந்து நிலைமை முன்னைவிட மோசம்.

கண்ணிவெடி எவ்வளவு பெரிய பிரச்சினை? யார் வைக்கிறார்கள்?

2023இல் மியான்மரில் கண்ணிவெடியாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் இறந்தவர்கள், காயமடைந்தவர்கள் என்று பதிவானவர்கள் 1,003 பேர். அந்த ஆண்டு உலகத்திலேயே அதுதான் அதிகம். சிரியாவும் ஆப்கானிஸ்தானும் உக்ரைனும்கூட அதற்குப் பின்னால்தான். இது முழு நாட்டுக்கான கணக்கு. காட்டுக்குள் நடந்து பதிவாகாமல் போனவை இதில் சேராது.

யார் வைக்கிறார்கள் என்றால், எல்லோரும். ராணுவம் சொந்தத் தொழிற்சாலையிலேயே வெடி தயாரிக்கிறது. தன் முகாம்களைச் சுற்றிப் புதைக்கிறது. கரேன் ஆயுதக் குழுக்களும் வைக்கின்றன, பெரும்பாலும் கையால் செய்தவை: மூங்கில் குழாய், பிளாஸ்டிக் குழாய், பேட்டரி, மீன்பிடி நரம்பு. இதைச் சொல்ல எனக்குச் சங்கடம்தான், ஏனென்றால் அந்த மக்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று முழுமனதாக நம்புகிறேன். ஆனால் வகுப்பு எடுக்கும் இளைஞர்கள் இதை மறைப்பதே இல்லை. நம் ஆட்கள் வைத்ததை மிதித்தாலும் கால் போகும் என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள். அதனால்தான் அவர்கள் சொல்வதை ஊர் நம்புகிறது.

1997இல் வந்த கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் மியான்மர் இன்றுவரை சேரவில்லை.

வெடிகளைத் தோண்டி எடுத்துவிட வேண்டியதுதானே?

போர்நிறுத்தம் இருந்த காலத்தில்கூட மனிதாபிமான அமைப்புகளுக்கு வெடி அகற்ற அனுமதி கிடைக்கவில்லை. எச்சரிக்கைக் கல்வியும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவியும்தான் செய்ய முடிந்தது. இப்போது சண்டை நடக்கும்போது அகற்றுவது இன்னும் தூரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கம் புதிதாக வைப்பார்கள். எங்கே வைத்தோம் என்று வரைபடம் வைத்திருப்பவர்களும் குறைவு. வைத்தவன் இறந்திருப்பான், அல்லது வேறு ஊருக்குப் போயிருப்பான். மழையில் மண் சரிந்தால் வெடியும் கூடவே நகர்ந்துவிடும்.

ஆக, வெடியை அகற்ற முடியாத இடத்தில் நடக்கிற மனிதனுக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும்?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மைதானத்து ஓரத்தில் மழை நின்ற நேரம், தரை ஈரம். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை சுமார் முப்பது பிள்ளைகள். சொல்லிக்கொடுத்தவள் இருபத்தோரு வயதுப் பெண். ஸ்கா கரேனில் ஆசிரியரை 'தரா' என்பார்கள், ஆசிரியையை 'தராமு'. அவளையும் தராமு என்றுதான் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், அவள் சொந்தத் தங்கை உட்பட.

முதலில் படம் போட்ட துணியை விரித்தாள். வெடிகளின் படம். அவள் வாயைத் திறக்குமுன் ஒரு பையன் ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டி இது மிதித்தால் வெடிப்பது, இது கம்பி தடுக்கினால் வெடிப்பது என்று வரிசையாகச் சொன்னான். நம் ஊரில் அந்த வயதுப் பையன் கிரிக்கெட் மட்டை பற்றிச் சொல்வானே, அந்த வேகத்தில். தராமு அவனைப் பாராட்டவில்லை, அதட்டவும் இல்லை. "பேட்டரி வெடி இருக்கே, பேட்டரி தீர்ந்துபோனா?" என்று மட்டும் கேட்டாள். "அப்ப பயமில்லை" என்றான். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் காத்திருந்தாள் போல. பேட்டரி செத்தாலும் உள்ளே இருக்கும் மருந்து சாகாது, வெப்பத்திலோ தட்டினாலோ வெடிக்கலாம் என்பதைப் புரியவைக்க அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் விளையாட்டு. தரையில் காய்ந்த இலைகளைப் பரப்பி, நடுவில் ஒரு தகர டப்பாவை வைத்தாள். ஒவ்வொரு பிள்ளையாக நடந்து வர வேண்டும். டப்பாவைப் பார்த்ததும் நிற்க வேண்டும். ஓடக்கூடாது, குனிந்து பார்க்கக்கூடாது, கல் எறியக்கூடாது. நின்ற இடத்திலேயே நின்று சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். யாரும் வராவிட்டால், தன் கால்தடம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும், அந்தத் தடத்திலேயே கால் வைத்துத் திரும்ப வேண்டும். ஈர மண்ணில் ரப்பர் செருப்பின் தடம் நன்றாகப் பதிந்திருந்தது. ஒரு சின்னப் பெண் பின்னோக்கி ஒவ்வோர் அடியாக வைத்தாள். நாலாவது அடியில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. எடுக்கக் குனிந்தாள். முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு மீதி அடிகளை வைத்து வந்து சேர்ந்தாள். தராமு போய் அந்தச் செருப்பை எடுத்துக் கழுவி அவள் காலில் போட்டுவிட்டாள்.

கடைசியாக அடையாளங்கள். மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை எல்லா இடத்திலும் இருக்காது. குறுக்காகக் கட்டிய மூங்கில், மரப்பட்டையில் வெட்டு, முடிச்சுப் போட்ட புல் என்று ஊருக்கு ஊர் மாறும். 'உங்க ஊர்ல என்ன அடையாளம்?' என்று பிள்ளைகளிடமே கேட்டு வாங்கிக்கொண்டாள். அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டதையும் பார்த்தேன்.

ஆபத்து என்று தெரிந்தும் ஏன் காட்டுக்குள் போகிறார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். சில நேரம் கொஞ்சம் குறைசொல்லும் குரலில்.

மலைக் கரேன் குடும்பத்துக்குக் காடுதான் கடை, மருந்துப்பெட்டி, வங்கி. மழைக்காலத்தில் மூங்கில் குருத்து, வயிற்றுக்கு. பாக்குத் தோப்பு, காசுக்கு. சில பகுதிகளில் ஏலக்காய், துரியன். மாடு மேயப் போகும். மேய்ந்த மாடு திரும்பாவிட்டால் யாராவது தேடிப் போகத்தான் வேண்டும். பாக்குப் பறிக்கும் சில வாரங்களைத் தவறவிட்டால் அந்த ஆண்டு முழுக்கக் கையில் காசு இருக்காது. இதெல்லாம் தெரியாமல் 'காட்டுக்குப் போகாதீர்கள்' என்று துண்டறிக்கை அடித்துக் கொடுத்தால் அதை அடுப்புப் பற்றவைக்கத்தான் எடுப்பார்கள்.

என் சக ஆசிரியர் ஒருவர் சொன்னது மறக்கவில்லை. தன் ஊரில் ஒரு பாட்டி, "நீ பிறந்தன்னைக்கு உன்னைக் குளிப்பாட்டினவ நான். முப்பது வருஷமா அந்தத் தோப்புக்கு நடக்கிறேன். நீ எனக்கு வழி சொல்றியா?" என்றாளாம். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "எந்த வழியா போறீங்க பாட்டி?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். பாட்டி மடியிலிருந்து பாக்குகளை எடுத்துத் தரையில் வைத்துக் காட்டினாள். இது ஓடை, இது பாறை, இது என் தோப்பு, இங்கேதான் போன மாதம் எருமை செத்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து இன்னொரு பாக்கை வைத்தாள், இங்கே புதுசாக முகாம் போட்டிருக்கிறார்கள் என்று. பொழுது சாய்வதற்குள் ஊரின் ஆபத்து வரைபடம் தயார். பாட்டி தோப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. ஓடை வழியை விட்டுப் பாறை வழியாகப் போகத் தொடங்கினாள். ஒரு மணி நேரம் கூடுதல் நடை.

எச்சரிக்கை சொல்பவன் நாளைக்கு அதே பாதையில் நடக்கப்போகிறவனாக இருந்தால்தான் அது காதில் ஏறும். ஏழு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான் என்று சொல்வேன்.

ஏன் இளைஞர்கள்? பெரியவர்கள் செய்யக்கூடாதா?

செய்கிறார்கள். போதகர்கள், பிக்குகள், ஊர்த்தலைவர்கள் துணையில்லாமல் எந்த வகுப்பும் நடக்காது. ஆனால் நடைமுறையில் சில விஷயங்கள் உண்டு. இந்தத் தலைமுறைக்கு ஸ்கா, ப்வோ, பர்மியம், கொஞ்சம் தாய், கொஞ்சம் ஆங்கிலம் வருகிறது. மூன்று நாள் மலை நடை முடிந்த கையோடு வகுப்பு எடுக்க உடம்பில் தெம்பு இருக்கிறது. முக்கியமாக, வெடியில் அதிகம் சிக்குகிற விடலைப் பையன்கள் அப்பா சொல்வதைக் கேட்க மாட்டார்கள், பந்து விளையாடும் அண்ணன் சொன்னால் கேட்பார்கள். இது நம் ஊருக்கும் பொருந்தும்தானே.

2015இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2250ஆம் தீர்மானத்தில், அமைதிப் பேச்சிலும் முடிவெடுப்பதிலும் 18 முதல் 29 வயதுவரை உள்ளவர்களுக்கு இடம் கொடுங்கள் என்று கேட்டது. எல்லையில் உள்ள பிள்ளைகளில் பலருக்கு அந்தத் தீர்மானத்தின் எண்கூடத் தெரியாது. கரேன் இளைஞர் அமைப்பு, கரேன் மாணவர் வலையமைப்பு போன்றவை அதற்கு முன்பிருந்தே வேலை செய்துகொண்டிருந்தன.

விமானத் தாக்குதலுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்?

2021க்குப் பிறகு பாடத்திட்டத்தில் பெரிய பகுதி இதுதான். 2023 ஜனவரி 12 அன்று முட்ரோ மாவட்டத்தில் லே வா என்ற கிராமத்தில் குண்டு விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஒரு தாயும் அவளுடைய இரண்டு வயதுக் குழந்தையும். தேவாலயங்களும் சிதைந்தன.

பதுங்குகுழி எங்கே, எப்படி வெட்டுவது என்பது முதல் பாடம். நேர்க்கோடாக வெட்டக்கூடாது, வளைந்து போக வேண்டும். சிதறல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாயாமல் இருக்க. மேலே மரநிழல் வேண்டும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் நிற்கும், பாம்பு இருக்கும். அதைப் பார்த்து வைக்க வகுப்புக்கு ஒரு பிள்ளை பொறுப்பு. வெளியில் காயும் துணியில் பளிச்சென்ற நிறம் வேண்டாம், பகலில் அடுப்புப் புகை வேண்டாம். மலை உச்சியில் இருப்பவர்கள் விமானச் சத்தம் கேட்டால் வாக்கி-டாக்கியில் சொல்வார்கள், அது ஊர் ஊராகக் கடத்தப்படும்.

சில பள்ளிகள் மரங்களுக்கடியிலும் குகைகளிலும் நடக்கின்றன. குழிக்குள் இறங்கிய பிறகு சின்னப் பிள்ளைகளை அழாமல் வைத்திருப்பது எப்படி என்றும் ஒரு பாடம். சேர்ந்து பாடுவார்கள். சத்தம் வெளியே கேட்காதா என்று கேட்டேன். விமானத்துக்குக் கேட்காது, பிள்ளைக்குக் கேட்கும் என்றார் ஒருவர்.

குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது 'அமைதிக்கட்டுமானம்' என்று பேசுவதில் என்ன அர்த்தம்?

நானும் போன புதிதில் இப்படித்தான் நினைத்தேன்.

ஸ்கா கரேனில் அமைதிக்கு 'தாமுதாக்கு' என்று சொல். 'மு' என்றால் இதம், 'கு' என்றால் குளிர்ச்சி. மனசு குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது என்று சொல்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைவர்கள் மேசையில் கையெழுத்துப் போடும் அமைதி ஒன்று இருக்கிறது. அது இவர்கள் கையில் இல்லை. ஊருக்குள் சூடு தணிவது என்று ஒன்று இருக்கிறது. அது கொஞ்சம் இவர்கள் கையில் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, 1994 டிசம்பரில் கரேன் இயக்கம் இரண்டாக உடைந்தது. தலைமையில் கிறிஸ்தவர்கள் அதிகம், தங்களை மதிப்பதில்லை என்று பௌத்தப் போராளிகள் பிரிந்து தனிப்படை அமைத்தார்கள். அடுத்த மாதமே, 1995 ஜனவரியில், தலைமையகமான மானெர்ப்ளோ ராணுவத்திடம் விழுந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு படை, தம்பி ஒரு படை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. இப்போது கலப்பு இளைஞர் குழுக்கள், விகாரையில் ஒரு வாரம், தேவாலயத்தில் ஒரு வாரம் என்று மாற்றி மாற்றி வகுப்பு நடத்துகின்றன. மத நல்லிணக்கம் என்ற சொல்லே அங்கே வராது. கண்ணிவெடி வகுப்புதான். ஆனால் விகாரைத் திண்ணையில் போதகரின் மகள் உட்கார்ந்து பேசுகிறாள், பிக்கு தேநீர் ஊற்றுகிறார். ஆகஸ்டில் வரும் மணிக்கட்டுக் கயிறு கட்டும் விழாவும் இப்படி எல்லோரையும் ஒன்றாக உட்காரவைக்கும் இடம்.

இன்னொன்று, 2021க்குப் பிறகு நகரங்களிலிருந்து ராணுவத்துக்குப் பயந்து ஓடிவந்த பர்மிய இன இளைஞர்கள். கரேன் ஊர்கள் அவர்களுக்குச் சோறு போட்டன. ஆனால் பர்மிய மொழி என்றால் பல கரேன் பாட்டிகளுக்கு அது சிப்பாயின் மொழி, வீட்டை எரித்தவனின் மொழி. ரங்கூன் கல்லூரி மாணவன் ஒருவன் அந்த மொழியில் 'அம்மா' என்று கூப்பிட்டாலும் உடம்பு நடுங்கும். வகுப்பு எடுக்கும் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கிறார்கள். எழுபது ஆண்டுகளாக இங்கே நடந்தது எங்களுக்குத் தெரியாது என்று அந்த மாணவர்கள் அழுததைக் கேட்டிருக்கிறேன். இதை எந்த அறிக்கையில் எப்படி அளப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இது நடக்காமல் நாளை எந்த ஒப்பந்தமும் நிற்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் சால்வீன் அமைதிப் பூங்கா. முட்ரோவில் சுமார் 5,500 சதுர கிலோமீட்டர் காடு, மலை, ஊர்களைச் சேர்த்து, அணைக்கும் சுரங்கத்துக்கும் விடாமல் மக்களே பழைய வழக்கப்படி காப்பதாக 2018 டிசம்பரில் அறிவித்தார்கள். அதற்காக உழைத்த சோ ஓ மூ என்ற சமூகத் தலைவரை அதே ஆண்டு ஏப்ரலில் ராணுவம் சுட்டுக்கொன்றது. முன்னின்று நடத்திய பால் செய்ன் த்வாவுக்கு 2020இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. பூங்காவின் கரேன் பெயரிலும் 'தாமுதாக்கு' இருக்கிறது.

பெண்களின் பங்கு?

ஆண்களை ஊர்த்தலைவர்களாகப் போட்டால் ராணுவம் அடித்தது, கொன்றது. அதனால் பல ஊர்களில் பெண்கள் தலைவரானார்கள். கரேன் பெண்கள் அமைப்பு 1949இலிருந்தே இருக்கிறது. இளம்பெண்களுக்குத் தலைமைப் பயிற்சிப் பள்ளியும் நடத்துகிறது. நான் பார்த்த பயிற்சியாளர்களில் பெண்களே அதிகம். சோதனைச்சாவடியில் பெண்களுக்குச் சந்தேகம் குறைவு என்பது ஒரு காரணம், அதே இடத்தில் அவர்களுக்கு வேறு வகை ஆபத்து அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவர்கள் ஆயுதம் எடுக்காதவர்களா?

வகுப்பு எடுப்பவர்கள் எடுப்பதில்லை. ஆனால் அவர்களுடைய அண்ணன், தம்பி, வகுப்புத் தோழன் எடுத்திருக்கலாம். அதைச் சொல்லி அவர்களைக் கேள்வி கேட்கும் தகுதி நமக்கில்லை. 2024 பிப்ரவரியில் ராணுவ அரசு கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27 வயது. அதற்குப் பிறகு எங்கள் மையத்துக்கு வந்த பையன்களில் பலர் படிக்க வந்தவர்களே இல்லை, பிடிபடாமல் இருக்க வந்தவர்கள்.

குழந்தைகளைப் படையில் சேர்ப்பது பற்றியும் வகுப்பில் பேசுகிறார்கள். கரேன் தேசிய ஒன்றியம் 2013இல் 'ஜெனீவா கால்' (Geneva Call) என்ற மனிதாபிமான அமைப்பிடம் குழந்தைப் பாதுகாப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்டிருக்கிறது. அந்தக் கையெழுத்தை உள்ளூர்த் தளபதிக்கு நினைவூட்ட ஒரு இருபது வயதுப் பெண் போவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

மியாவதி மோசடி மையங்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2022இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப்போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியாவதிப் பக்கம் அடைக்கப்பட்டு இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டது நினைவிருக்கும். அந்த அக்டோபரில் 13 பேர் சென்னைக்கு மீட்டுவரப்பட்டார்கள். மியாவதி கரேன் மாநிலத்து ஊர், மே சோட்டுக்கு நேரெதிரே ஆற்றுக்கு அக்கரை. ராணுவத்தோடு சேர்ந்திருந்த ஒரு கரேன் எல்லைக்காவல் படையின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில்தான் அந்த மையங்கள் வளர்ந்தன. நம் ஊரில் சிலர் இதை வைத்துக் கரேன் மக்களையே மோசடிக்காரர்கள் என்று பேசுவதைக் கேட்டு மனம் நொந்தேன். அந்தக் கட்டடங்களுக்காக நிலம் போனதும் அவர்களுக்குத்தான்.

வேலை என்று கூப்பிட்டால் என்ன கேட்க வேண்டும், அடையாள அட்டையை யாரிடமும் கொடுக்கக்கூடாது, போகுமிடத்தை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போ என்பதும் இப்போது பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்துவிட்டது. சோதனைச்சாவடியில் கைபேசியை வாங்கிப் பார்ப்பார்கள், எதை அழித்துவிட்டுப் போக வேண்டும் என்பதும்.

வெடியில் காலிழந்தவர்களுக்கு என்ன உதவி?

மே சோட்டில் மே தாவ் மருத்துவமனை இருக்கிறது. ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 எழுச்சிக்குப் பிறகு பர்மாவிலிருந்து தப்பி வந்த கரேன் மருத்துவர் சிந்தியா மாங் 1989இல் தொடங்கியது. அங்கே செயற்கைக் கால் செய்யும் பட்டறை உண்டு. வேலை செய்பவர்களில் வெடியில் கால் இழந்தவர்களும் உண்டு. செயற்கைக் கால் ஒருமுறை போட்டால் முடிகிற விஷயம் இல்லை. மலையில் நடந்தால் தேயும், வளரும் குழந்தைக்கு அளவு மாறும். ஒவ்வொரு முறையும் ஆற்றைத் தாண்டி வர வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து?

பெரும்பகுதி வெளிநாட்டு உதவி. 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது எல்லை முகாம்களில் மருத்துவமனைகளே மூடப்பட்டன. தாய்லாந்து எல்லையில் ஒன்பது முகாம்கள், ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள். மிகப்பெரிய முகாமான மே லா 1984இலிருந்து இருக்கிறது. வகுப்பு எடுக்கும் பிள்ளைகளுக்குக் கிடைத்த சிறிய படிப்பணமும் பல இடங்களில் நின்றது. சிலர் மக்காச்சோளக் கொல்லையில் கூலிக்குப் போய்விட்டு வந்து வகுப்பு எடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் முகாம் அகதிகள் சட்டப்படி வெளியே வேலை செய்யத் தாய்லாந்து அமைச்சரவை வழி திறந்தது. அது நல்ல செய்தி.

புகைப்படம் ஏதாவது இருந்தால் பகிரலாமா?

என்னிடம் இருக்கிறது, பகிர மாட்டேன். பின்னால் தெரியும் மலை முகடு ஒன்றே போதும், அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க. பள்ளி எங்கே நடக்கிறது என்று தெரிந்தால் அடுத்த வாரம் அங்கே குண்டு விழலாம். இணையத்தில் இப்படிப் படம் வந்தால் தயவுசெய்து இடம் பெயரோடு பரப்பாதீர்கள். முகம் தெரிந்தால் அதுவும் வேண்டாம். உதவ நினைத்தால் மே தாவ் போன்ற நீண்டகால அமைப்புகளுக்குப் பணமாகக் கொடுங்கள். பழைய துணி மூட்டை வேண்டாம்.

கரேன் மக்களை நேரில் சந்தித்தால் எப்படிப் பேசுவது?

ஆஸ்திரேலியா, அமெரிக்கா, நார்வே என்று பல நாடுகளில் குடியேறியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம். பெயருக்கு முன்னால் வரும் 'சோ', 'நோ' இரண்டும் குடும்பப் பெயர் இல்லை. ஆணுக்கு 'சோ', பெண்ணுக்கு 'நோ' என்ற மரியாதை அடை. பர்மியர்கள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள், கரேன் என்று சொல்லுங்கள், முகம் மலரும். நன்றிக்கு 'தா ப்லூ'. வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பதுதான். சாப்பிட்டேன் என்று சொன்னாலும் தட்டு வந்துவிடும். மீன் ஊறல் காரமாக இருக்கும், சோறு நிறையப் போட்டுக்கொள்ளுங்கள்.